சிங்கப்பூரிலேயே இருப்பதா, சென்னைக்குத் திரும்புவதா? குடும்பத்தோடு திரும்பியவர்கள் சொல்லுங்கள்

செம்பவாங்வாசி:

வணக்கம். நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவன். 2012 முதல் சிங்கப்பூரில் வேலை. மனைவிக்குத் திருச்சி. இப்போது நாங்கள் நால்வரும் பி.ஆர்., அதாவது நிரந்தரவாசிகள். பையன் தொடக்கநிலை ஐந்து, பெண் தொடக்கநிலை இரண்டு. செம்பவாங்கில் மறுவிற்பனையில் ஒரு வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு வாங்கி, கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்பா ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நாலு, சர்க்கரை உண்டு. போன வருடம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் தனியாகத்தான் இருக்கிறார்கள். நாலு மணி நேர விமானம்தானே என்று எல்லோரும் சொல்வோம். லீவு வாங்கி, டிக்கெட் எடுத்து, நான் போய்ச் சேர்வதற்குள் அப்பாவைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது எதிர்வீட்டு மாமா.

எங்கள் நிறுவனத்துக்குச் சென்னையில் ஓஎம்ஆரிலும் (பழைய மகாபலிபுரம் சாலை) அலுவலகம் இருக்கிறது. மாற்றல் கேட்டால் கிடைக்கும். ரூபாய்க் கணக்கில் சம்பளம் பாதிக்கும் கீழே இறங்கும். அந்தக் கணக்கை நானும் மனைவியும் போட்டு முடித்துவிட்டோம், சமாளிக்கலாம் என்று தெரிகிறது. பையனுக்குப் பதினாறரை வயதானால் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைச்சேவைக்கு, பதிவு செய்யவேண்டும், அதற்கு முன்பு முடிவெடுக்கவேண்டும் என்பதும் தெரியும்.

நான் கேட்பது வேறு. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை வாழ்க்கை எப்படி மாறும்? பிள்ளைகளுக்கு, மனைவிக்கு, எனக்கு? "சொந்த ஊர் சொந்த ஊர்தான்" என்றோ "அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்" என்றோ சொல்லாமல், இரண்டு இடத்திலும் இருந்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொங்கோல் அண்ணன்:

நான் இங்கேயே குடியுரிமை எடுத்துவிட்டவன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பி.ஆரை விட்டுவிட்டு நிரந்தரமாகக் கிளம்பினால் மத்திய சேமநிதிக் கணக்கை மூடி முழுப் பணத்தையும் எடுக்கலாம். ஆனால் முதலாளி 17, நாம் 20 என்று மாதாமாதம் சேரும் அந்த 37 விழுக்காடு நின்றுவிடும். அங்கே வருங்கால வைப்பு நிதி இருந்தாலும் இந்த அளவு வராது. பையன் தேசிய சேவை செய்யாமல் பி.ஆரை விட்டால், பிற்காலத்தில் அவன் படிக்கவோ வேலைக்கோ இங்கே விண்ணப்பித்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். இதை அவனிடமே பேசிவிடுவது நல்லது. பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

பெற்றோரை இங்கே அழைத்துவர நீண்டகால வருகை அனுமதிக்கு முயலலாம். ஆனால் அவர்களுக்கு மெடிஷீல்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடும் கிடையாது, மருத்துவமனையில் மானியமும் கிடையாது. ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்கச் சிகிச்சை உள்ள மனிதரை இங்கே கொண்டுவந்து முழுக் கட்டணம் கட்டவைப்பது சரியாகப் படவில்லை.

என் மனதைக் கேட்டால், பிள்ளைகள் தேறும்வரை இருங்கள் என்பேன். இரவு பதினொரு மணிக்கு என் மகள் எம்ஆர்டி ரயிலில் இருந்து இறங்கித் தனியாக நடந்து வருகிறாள், நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஈடாக எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மடிப்பாக்கம் டீச்சர்:

தம்பி, நாங்கள் 2009-ல் போனோம், 2018-ல் திரும்பினோம். அங்கே ஈசூன், இங்கே மடிப்பாக்கம். வீட்டுக்காரர் கட்டட ஏசி வேலையில் இருக்கிறார், நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பி.ஆர். வாங்கவில்லை, குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள விடும் வேலை பாஸிலேயே இருந்தோம். பெரியவளுக்குத் திரும்பும்போது பதினொரு வயது, சின்னவனுக்கு ஆறு.

எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீட்டு வாசலைத் தாண்டியதும் வசதி தொடங்கும். சென்னையில் வசதி வாசலோடு நின்றுவிடும். உள்ளே எல்லாம் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் நாம்தான் காசு கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதனால் குடும்பத்தில் யார் வாசலுக்கு வெளியே நடமாடுகிறவர் என்று பாருங்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் காரில்லாதவர்களும்தான் அந்த வித்தியாசத்தைத் தாங்குவார்கள். சம்பளம் வாங்குகிறவருக்கு அது கடைசியாகத்தான் தெரியும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈசூனில் குழாயைத் திறந்து அப்படியே குடித்தோம். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. ஜோகூரில் இருந்து 1962 ஒப்பந்தப்படி வருவது, மழை, 2003-ல் தொடங்கிய நியூவாட்டர் என்ற சுத்திகரித்த கழிவுநீர், கடல்நீர் என்று நான்கு வழி வைத்திருக்கிறார்கள் என்பதை மகளின் பாடப் புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மடிப்பாக்கம் வீட்டில் போர் தண்ணீர் துணி துவைக்க, லாரித் தண்ணீர் சம்ப்புக்கு, கேன் தண்ணீர் குடிக்க. மூன்றுக்கும் மூன்று ஆள், மூன்று போன் நம்பர். நாங்கள் வந்த அடுத்த கோடை 2019. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி விழித்திருந்து மோட்டார் போட்டேன், காலையில் எட்டரைக்கு வகுப்பு. இப்போது நிலைமை பரவாயில்லை. நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலை 2024-ல் ஓடத் தொடங்கியது, பேரூரில் பெரியதாக ஒன்று கட்டுகிறார்கள். இருந்தாலும் சம்ப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. மனதில் ஒரு மூலை எப்போதும் அதற்கென்று வேலை செய்துகொண்டே இருக்கும். தண்ணீர் மட்டுமில்லை, கழிவுநீர் லாரி, இன்வெர்ட்டர் பேட்டரி, ஸ்கூல் வேன், தெருவிளக்கு என்று வரிசையாக வரும். வேலைக்குப் போகும் பெண் தலையில்தான் இந்த மூலை வேலை பெரும்பாலும் விழுகிறது, உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இப்போது பிள்ளைகள். இதை நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும்.

பெரியவள் பத்து வயதில் ஈசூன் நூலகத்துக்குத் தனியாகப் போவாள். புளோக்கில் இறங்கி, கூரை போட்ட நடைபாதையில் போய், சிக்னலில் பச்சை மனிதனைப் பார்த்துக் கடந்து, புத்தகம் எடுத்துக்கொண்டு, வரும் வழியில் எனக்கு ரொட்டியும் வாங்கிவருவாள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி மூத்தோர் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு சில நொடி கூடுதலாக எரியும். 2009 முதல் இருக்கிற ஏற்பாடு அது. மெதுவாக நடக்கிற ஒருவருக்காக ஒரு ஊர் வண்டிகளை நிறுத்திவைக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா ஞாபகம் வரும்.

அதே பெண் மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வயதில் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போக முடியவில்லை. போகக்கூடாது என்று நான் தடுத்தேன். நடைபாதை கிடையாது, எதிர்த்திசையில் வரும் பைக், திறந்து கிடந்த வடிகால், சாயங்காலமானால் நாய்க் கூட்டம். ஐந்து நிமிட தூரத்துக்கு நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். டியூஷனுக்கு, தோழி வீட்டுக்கு, பாட்டு வகுப்புக்கு, எல்லாவற்றுக்கும் விட்டேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தது, குழந்தைகள் பகுதி அவ்வளவு அழகு, ஈசூன் நூலகத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனால் அவள் தானாகப் போய்வரும் இடமாக அது இருக்கவில்லை. அவள் என்னிடம் கோபப்பட்டாள், அந்தக் கோபம் நியாயம்தான். பிளஸ் ஒன் வந்த பிறகு மெட்ரோவும் மின்சார ரயிலும் பழகிக்கொண்டாள். இப்போது கல்லூரிக்குப் பேருந்து, ரயில் மாறிப் போகிறாள். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் ஒரே டிக்கெட்டில் பஸ், ரயில், மெட்ரோ மூன்றும் போகலாம், எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். சின்னவன் சென்னையிலேயே வளர்ந்தவன், அக்காவுக்குப் பத்து வயதில் இருந்த சுதந்திரம் அவனுக்குப் பதின்மூன்றில்தான் கிடைத்தது. உங்கள் பெண் தொடக்கநிலை இரண்டு என்கிறீர்கள். அவளுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஏன் இப்படி என்று விசாரித்திருக்கிறேன். பணம் மட்டும் காரணமில்லை. 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று சென்னை மாநகராட்சி தனிக் கொள்கை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்கள், போய்ப் பாருங்கள், வயதானவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அதாவது முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் 2011-ல் 174 சதுர கி.மீ. இருந்த மாநகராட்சி ஒரே நாளில் 426 சதுர கி.மீ. ஆனபோது எங்களைப் போன்ற ஊராட்சிகள் உள்ளே வந்தன. வரி உடனே வந்தது, சாக்கடைக் குழாய் பின்னால் மெல்ல வந்தது. ஒரே சாலையை மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, குடிநீர் வாரியம், மின்வாரியம், மெட்ரோ ரயில் என்று ஆளுக்கொரு பக்கம் தோண்டுவார்கள். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோவின் ஐந்தாவது வழித்தடத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருக்கும்போது நடந்து போகிறவருக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. மாடி வீட்டில் இருந்தவர்கள் தரைத்தளத்தில் இருந்த நான்கு குடும்பத்துக்கும் சமைத்துப் போட்டார்கள், மீனவர்கள் படகோடு வந்தார்கள். அவர்களை நான் மறக்கமாட்டேன். ஆனால் "சென்னை மக்கள் மனிதாபிமானம்" என்று பேசி முடித்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஏரிகளின் நீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவில் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகவேண்டும். அந்தப் பாதையில் வீடு கட்டி, சாலை போட்டு, குப்பை கொட்டி அடைத்தாயிற்று. மிஞ்சிய சதுப்புநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிங்கப்பூரிலும் 2010-ல் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைக்குள் வெள்ளம் வந்தது. உடனே சரியாகிவிடவில்லை. நிலத்துக்கு அடியில் நீர்த் தொட்டியும் திசைதிருப்பும் கால்வாயும் கட்டி முடிக்க 2018 ஆனது. ஆனால் கட்டி முடித்தார்கள். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்பீர்கள்.

அத்தைக்காக. ஈசூனுக்கு வந்திருந்தபோது காலையில் தானாகச் சந்தைக்குப் போய்வருவார், நடக்க அவ்வளவு வசதி. பிறகு புளோக் கீழே மலாய்ப் பாட்டிகளும் சீனப் பாட்டிகளும் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். சிரிப்பதைத் தவிர வேறு மொழி இல்லை. நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு வாரம் ஒருமுறை கூட்டிப்போனால் அன்று மட்டும் முகம் வேறாக இருக்கும். இங்கே அவர் நான்கு தெருவுக்கு மேல் நடக்க முடியாது, ஆனால் அந்த நான்கு தெருவில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. 2021-ல் இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை, பிறகு பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வந்தார், ரத்தப் பரிசோதனைக்கு ஆள் காலை ஆறரைக்கு வந்தார், மருந்துக் கடைப் பையன் மாத்திரையை வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். செலவு முழுக்கக் கைக்காசு, சேமிப்பில் பெரிய ஓட்டை. ஆனாலும் ஒரு பெரிய டாக்டரை இன்று நினைத்து நாளை பார்ப்பது சென்னையில் நடக்கும். நானும் வீட்டுக்காரரும் முறை மாற்றி உடன் இருந்தோம், நாத்தனார் தாம்பரத்தில் இருந்து வந்தார். சிங்கப்பூரில் இருந்திருந்தால் உங்கள் எதிர்வீட்டு மாமா போல யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

வீட்டு வேலைக்கு ஒரு அம்மா பெரும்பாக்கத்தில் இருந்து வருகிறார். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவரால் இவ்வளவு தூரம் வரமுடிகிறது. என் சென்னை வாழ்க்கை வசதியாக இருக்கிறது என்றால் அதில் பாதி அவருடைய உழைப்பு. அங்கே இந்தோனேசியப் பணிப்பெண் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வாழ்க்கைத் தரம் என்று பேசும்போது இவர்களுடைய தரத்தையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

இன்னொன்று, வாடகை வீடு. ஈசூனில் வீடு தேடியபோது இந்தியர் என்றதும் "வீடு போய்விட்டது" என்று சொன்ன உரிமையாளர்கள் உண்டு. மடிப்பாக்கத்தில் தேடியபோது சைவமா என்று கேட்டார்கள், பிறகு சுற்றி வளைத்துச் சாதி கேட்டார்கள். இரண்டு இடத்திலும் மனம் ஒரே மாதிரிதான் சுருங்கியது. இதில் எந்த ஊருக்கும் நான் கூடுதல் மதிப்பெண் போடமாட்டேன்.

அம்பத்தூர் வெல்டர்:

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. ஆனா நான் பார்த்த சிங்கப்பூரு வேற.

நான் 2006-ல இருந்து 2016 வரைக்கும் துவாஸ்ல கப்பல் பட்டறையில வெல்டர். ஒர்க் பர்மிட். ஒர்க் பர்மிட்டுக்காரன் பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு வர முடியாது, சட்டமே அப்படித்தான். நூலகம், நடைபாதை எல்லாம் நானும் பார்த்தேன், லாரிக்குப் பின்னாடி உக்காந்து போறப்ப. டார்மிட்டரில ஒரு ரூமுக்குப் பத்துப் பன்னெண்டு பேரு. ஏஜென்டுக்குக் கட்டின கடன் அடையறதுக்கே முதல் வருஷம் தாண்டிடுச்சு. ஞாயித்துக்கிழமை தேக்கா, வீட்டுக்கு போனு, வாழை இலையில ஒரு சாப்பாடு. எம் பொண்ணு பொறந்தத போட்டோவுலதான் பார்த்தேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், மனசார சொல்றேன். அங்க சேஃப்டி ஆபீசர் வந்து நில்லுன்னா வேலை நிக்கும். பெல்ட் மாட்டலன்னா ஏற விடமாட்டாங்க. டேங்க் உள்ள இறங்கணும்னா காத்து டெஸ்ட் பண்ணி பேப்பர்ல கையெழுத்து ஆகணும். திரும்பி வந்து இங்க ஒரு பட்டறையில சேர்ந்தேன், முதல் நாள் பசங்க வெறும் கண்ணோட வெல்டிங் புடிக்கிறாங்க, செருப்பு போட்டுகிட்டு. நான் என் காசுல கண்ணாடியும் கையுறையும் வாங்கிப் போனேன். ரெண்டு சின்னப் பசங்களுக்கும் வாங்கிக் குடுத்தேன். ஊருக்கு ஊரு உசுரு மாறுமா? அங்க நம்ம ஆளுங்களுக்குக் குடுத்த கண்ணாடிய இங்க நம்ம முதலாளி ஏன் குடுக்கக் கூடாது? அம்பத்தூர் எஸ்டேட்ல இதைக் கேக்க ஆளு வேணும்.

இப்ப வேற கம்பெனி. ஈஎஸ்ஐ இருக்கு. பொண்ணுக்கு டெங்கு வந்தப்ப அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில சேர்த்தேன், காசு வாங்கல, நல்லா பார்த்தாங்க. சம்பளம் அங்க வாங்கினதுல பாதிகூட இல்ல. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுல இருக்கேன், பொண்ணு கணக்குப் போடுது, எனக்குத் தெரியாத கணக்கு, பக்கத்துல உக்காந்திருக்கேன். திரும்ப கூப்டாங்க, போகல.

சார், உங்களுக்கு குடும்பத்தோட இருக்கற சிங்கப்பூரும் கிடைச்சிருக்கு, குடும்பத்தோட இருக்கற சென்னையும் கிடைக்கும். எதை எடுத்தாலும் நல்லதுதான் சார்.

செம்பவாங்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சர் அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த "மூலை வேலை" பகுதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னாள்.

வெல்டர் அண்ணே, உங்கள் பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. செம்பவாங்கிலும் காலையில் அந்த லாரிகளைத் தினமும் பார்க்கிறேன்.

அக்கா, இன்னும் மூன்று கேட்கவேண்டும். அப்பா அம்மா பெரம்பூரை விட்டு நகரமாட்டார்கள், அலுவலகமோ ஓஎம்ஆர். எங்கே வீடு பார்ப்பது? பையனை எந்த நேரத்தில் பள்ளி மாற்றுவது? வருவது என்று முடிவானால் கிளம்புவதற்கு முன் எதைச் செய்து வைக்கவேண்டும்?

மடிப்பாக்கம் டீச்சர்:

தம்பி, ஓஎம்ஆர் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், தரமணியா சிறுசேரியா என்று சொல்லுங்கள். தரமணி என்றால் பெரம்பூரில் இருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கே சாலையைக் கடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூர் பக்கம் இறங்கலாம். தினமும் செய்யக்கூடிய பயணம்தான். சிறுசேரி என்றால் இன்றைய நிலையில் அது வாழ்க்கையைத் தின்றுவிடும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி சிப்காட் வழித்தடம் பெரம்பூர், அயனாவரம் வழியாக நேராக ஓஎம்ஆருக்கே வருகிறது, 45 கி.மீ.க்கு மேல் நீளம். அது ஓடத் தொடங்கினால் உங்களுக்காகவே போட்டது மாதிரி இருக்கும். ஆனால் ரயில் ஓடும் நாளை நம்பி இப்போது வீடு பிடிக்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் இருந்து வேலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வீடு பெற்றோருக்குப் பக்கத்தில் வேண்டும், அதே வீட்டில் வேண்டாம் என்பது என் எண்ணம். நடந்து போகும் தூரம், மெயின் ரோடு கடக்காமல் போகும் வழி. பெரம்பூரில் பழைய தெருக்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டத் தோதான உள்தெருக்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் பெண் தாத்தா வீட்டுக்குத் தனியாக நடந்து போய்வர முடிந்தால் நான் சொன்ன இழப்பில் பாதி ஈடாகிவிடும். அப்பாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பது பெரிய விஷயம், அவரை அங்கிருந்து நகர்த்தச் சொல்லவே மாட்டேன்.

வாடகைக்கு வீடு பார்க்க டிசம்பர் கடைசியில், மார்கழிக் குளிரில் வராதீர்கள், அப்போது சென்னை எல்லோருக்கும் பிடிக்கும். நவம்பர் நடுவில், மழை பெய்கிற வாரத்தில் வாருங்கள். 2015-லும் 2023-லும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வீட்டு உரிமையாளரைக் கேட்காமல் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள்.

காப்பீடு: அலுவலகக் காப்பீடு வேலையோடு போய்விடும். உங்கள் நால்வருக்கும் தனியாக ஒன்று எடுங்கள், வந்து சேர்ந்த உடனேயே எடுங்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காத்திருக்கும் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருடம், 2024-ல் குறைத்தார்கள். அந்த மூன்று வருடம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

வரி: பல வருடம் வெளியில் இருந்து திரும்புகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நிதியாண்டு இந்தியாவுக்கு வெளியே வரும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லாத நிலை ஒன்று உண்டு. நீங்கள் எந்த மாதம் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். செம்பவாங் வீட்டை விற்பதும் சேமநிதியை எடுப்பதும் அந்தக் காலத்துக்குள் வருமாறு ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே இதைச் செய்தோம், மிகவும் உதவியது.

பள்ளி: பையன் தொடக்கநிலை ஆறை முடிக்கட்டும். பாதியில் பிடுங்கினால் அங்கே படித்த படிப்புக்கும் முடிவு கிடைக்காது, இங்கேயும் நடுவில் வந்து நிற்பான். அங்கே தொடக்கநிலை இறுதித் தேர்வின் முடிவு நவம்பர் கடைசியில் வரும். இங்கே சிபிஎஸ்இ என்றால் பெரும்பாலும் ஏப்ரல், மாநிலப் பாடத்திட்டம் என்றால் ஜூன். இடையில் கிடைக்கும் மாதங்கள் வீணில்லை, தாத்தாவோடு இருக்கட்டும், ஊர் பழகட்டும். கணக்கில் அவன் இங்கே சிரமப்படமாட்டான், தொடக்கநிலை ஆறில் அங்கே போடும் கணக்குகள் கடினமானவை. அறிவியலில் எழுதும் முறை வேறு, பழகிவிடும்.

சிரமம் தமிழில்தான் வரும். அங்கே தாய்மொழிப் பாடத்தில் பேச்சுக்கும் உரையாடலுக்கும் முக்கியத்துவம் கொடுக்கிறார்கள், அது நல்ல முறை. இங்கே ஏழாம் வகுப்பில் செய்யுள், இலக்கணம், திருக்குறள் மனப்பாடம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். என் மகள் முதல் வருடம் தமிழில்தான் அழுதாள், மற்றவற்றில் அல்ல. ஆறாம், ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்றைக்கே இறக்கி வையுங்கள். வாரத்துக்கு ஒரு பாடம், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் இருந்து தொடங்குங்கள், நேராக ஏழுக்குப் போகவேண்டாம்.